சின்ன சிம்பலின் கடைசி ஒலி

ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் தலைமுடியைப் பார்க்கிறார்கள். முப்பத்து மூன்று வயதுக்கு அது கறுப்பாகத்தான் இருக்கிறது. தூத்துக்குடியில் ஓர் இசைக்கருவிக் கடையில் டிரம்ஸ் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. செட்டைப் பூட்டிக் கொடுப்பது, தோலை இழுத்துச் சுருதி பார்ப்பது, வாங்க வருகிறவர்களுக்குப் பொருத்தமான சிம்பலை எடுத்துக் கொடுப்பது. இந்த மூன்றும் என் வேலை. மூன்றாவதில்தான் என் பெயர் கொஞ்சம் தெரிந்திருந்தது. இப்போது வீட்டிலிருந்தபடி மின்சுற்றுப் பலகைகளுக்கு வரைபடம் போட்டுத் தருகிறேன். சத்தமில்லாத வேலை.

கடையில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் சென்ற வாரம் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ‘புதுசா டிரம்ஸ் படிக்கவங்க எஃபெக்ட்ஸ் சிம்பல் கேட்டு வாராங்கக்கா. விலையும் குறைவா இருக்கணுமாம். போன்ல எதையோ காட்டி, இதுக்கு நாலு ஸ்டார் போட்டிருக்கு, இதையே குடுங்கன்னு நிக்காங்க. நான் என்னத்தச் சொல்ல?’ நாலு வரியில் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அது நாலு வரியில் அடங்கவில்லை.

டிரம்ஸ் பழகாதவர்களுக்காக ஒரு விளக்கம். ஒரு செட்டில் வழக்கமாக மூன்று வகை சிம்பல் இருக்கும். காலால் மிதித்து மூடித் திறக்கும் ஹை-ஹாட், தாளத்தைத் தொடர்ந்து ஓட்டும் ரைடு, பாட்டு ஓரிடத்தில் எழும்பும்போது ஓங்கி அடிக்கும் க்ராஷ். எஃபெக்ட்ஸ் சிம்பல் இந்த மூன்றுக்கும் வெளியே. பாட்டுக்கு ஒரு முறையோ இரு முறையோதான் அதற்கு வேலை. குழம்புக்குத் தாளிப்பு மாதிரி. ஓரம் மேலே வளைந்த, கரகரவென்று கத்துகிற சைனா ஒரு வகை. சாப்பாட்டுத் தட்டு அளவில், மெல்லியதாக, அடித்ததும் ‘ட்ஸ்ஸ்’ என்று விரிந்து உடனே மறைகிற ஸ்பிளாஷ் இன்னொரு வகை. புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் எப்போதும் ஸ்பிளாஷைத்தான் சொல்வேன். சைனாவைக் கையில் கொடுத்தால் எல்லாப் பாட்டிலும் அடிப்பார்கள். வீட்டில் இருப்பவர்கள் மூன்றாம் நாள் செட்டையே விற்றுவிடுவார்கள்.

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. சொந்த ஊர் சாத்தான்குளம். சர்ச்சில் கீபோர்டு வாசிக்கப் போய், டிரம்ஸுக்கு ஆள் வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை குச்சியைக் கையில் எடுத்தேன். பிறகு கீபோர்டுப் பக்கம் போகவே இல்லை. ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கத்தான் கடையில் சேர்ந்தேன். டிரம்ஸ் செட்டுகளைத் தூக்கி இறக்க மற்றவர்கள் முகம் சுளித்ததால் அந்தப் பிரிவு என்னிடம் வந்தது. பயிற்சி என்று சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

சொல்ல நிறைய இருப்பது எங்கள் முதலாளியைப் பற்றி. எல்லாரையும் போல நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அது முதலில் பாத்திரக்கடை. நான் சேர்ந்தபோது முன்பக்கம் இட்லிக் கொப்பரையும் குத்துவிளக்கும், பின்பக்கம் கிடாரும் டிரம்ஸும் என்று கடை இரண்டாகக் கிடந்தது. அண்ணாச்சிக்குத் தாளம் வராது. கைதட்டச் சொன்னால் பாட்டு ஒரு பக்கம் போகும், கை ஒரு பக்கம் போகும். ஆனால் சிம்பலைப் பாத்திரமாகப் பார்த்தார்; அதனால் அவர் கேட்ட கேள்விகளை வேறெந்த இசைக்கடையிலும் யாரும் கேட்டதில்லை.

வந்த சரக்கையெல்லாம் முதலில் தராசில் ஏற்றுவார். ஒரே அளவு, ஒரே பெயர் போட்ட இரண்டு ஸ்பிளாஷ்கள் எடையில் வேறுபடும். கனமானதைச் சுண்டிப் பார்த்துவிட்டு, “இது தாம்பாளம்ளா. மேல அடுக்கி வை, எவனாவது கண்ணாலம் காட்சிக்கு வாங்கிட்டுப் போவான்” என்பார். சிரித்துக்கொண்டே தனியாக வைப்பேன். அவர் சொன்னது சரி. மெல்லிய ஸ்பிளாஷ் தொட்டதும் திறக்கும், சட்டென்று மூடும். கனமானதை ஓங்கி அடித்தால்தான் வாய் திறக்கும்; திறந்தால் மணி மாதிரி இழுக்கும். புதியவர்கள் கனமானதைத்தான் விரும்புவார்கள். உடையாது என்ற எண்ணம்.

ஒருநாள் கல்லூரி மாணவர் ஒருவர் தடிமனான ஒன்றைத் தூக்கிப் பிடித்து, “இது ஸ்ட்ராங்கா இருக்கும்லா அண்ணாச்சி?” என்றார்.

“நல்லா இருக்கும் தம்பி. நீங்க சிம்பல் வாங்க வந்தியளா, தோசைக்கல்லு வாங்க வந்தியளா?”

அண்ணாச்சியின் இரண்டாவது விதி, வீட்டிலிருக்கும் சிம்பலைக் கொண்டுவராமல் புதியதைத் தேர்ந்தெடுக்க விடமாட்டார் என்பது. “மூடி வாங்க வாரவ பானையைக் கொண்டுட்டுல்லா வரணும். மூடி மட்டும் நல்லாருந்தா ஆச்சா?” என்று திருப்பி அனுப்பிவிடுவார். வியாபாரம் போகிறதே என்று நான் முதலில் பதறியிருக்கிறேன். ஆனால் ஸ்பிளாஷின் சுருதி க்ராஷைவிடத் தெளிவாக மேலே இருக்க வேண்டும். க்ராஷ் ஓய்வதற்கு வெகு முன்பே ஓய்ந்துவிடவும் வேண்டும். பக்கத்தில் அந்த க்ராஷ் இல்லாமல் இதை எப்படிப் பார்ப்பது? என் இடத்துக்கு வந்திருக்கும் பெண்ணே, உன் கேள்விக்குப் பாதிப் பதில் இதுதான். நாலு ஸ்டார் போட்டவர்கள் வேறு பானைக்கு மூடி வாங்கியவர்கள்.

மீதிப் பாதியையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பத்து அங்குலம் போதும். செட்டோடு வரும் பித்தளையை விட்டுவிட்டு வெண்கலம் கேள். புதிய வெண்கலத்துக்குக் கை எட்டாவிட்டால், புதிய பித்தளையைவிடக் கைமாறிய வெண்கலம் மேல். ஆனால் ஓரத்தைச் சுற்றி நகத்தை ஓட்டிப் பார், மயிரிழை வெடிப்பும் நகத்தில் மாட்டும். நடு ஓட்டையைப் பார், அது வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் தேய்ந்து அகன்றிருந்தால் வேண்டாம். தனி ஸ்டாண்டு வாங்கவைக்காதே. க்ராஷ் ஸ்டாண்டிலேயே பொருத்த ஒரு சின்னக் கிளாம்ப் போதும்.

இதெல்லாம் முடிந்த பிறகு கேட்பது. எங்கள் கடையில் கேட்பதற்கு ஒரு முறை இருந்தது. சிம்பலை ஒரே ஒரு முறை அடிப்பேன். வாங்குபவர் அதற்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். பளபளப்பைப் பார்த்து மயங்கக் கூடாது. ஒலி அடியோடு ஓய்ந்ததும் கையைத் தூக்க வேண்டும். நானும் என் கையைத் தூக்குவேன். இரண்டு கைகளும் ஏறக்குறைய ஒன்றாக எழும்பினால் அவருக்குக் கேட்கத் தெரிகிறது என்று அர்த்தம். அதன்பிறகு அவர் எதைச் சொன்னாலும் நம்பலாம். பாதியிலேயே கையைத் தூக்குகிறவர்களிடம் அண்ணாச்சி, “அது பேசி முடிக்கட்டும், பொறவு நீங்க பேசுங்க” என்பார். ஒவ்வொரு விற்பனையிலும் அந்தச் சில நொடிகளுக்குக் கடை முழுக்க அமைதியாகிவிடும். முன்பக்கம் கொப்பரை பார்க்கிறவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள்.

அந்த அமைதியை நான் மிகவும் விரும்பினேன். ஸ்பிளாஷின் ஒலியில் முதலில் குச்சி பட்ட ‘டிக்’ வரும். அடுத்து ஒரு விரிவு. கடைசியில், எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது, மிக மெல்லிய ஒரு சலசலப்பு மிச்சமிருக்கும். மலிவான பித்தளையில் அது இருக்காது. நல்ல வெண்கலத்தில் இருக்கும். அதைக் கேட்டுச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.

பெனிட்டா அக்கா கடைக்கு வந்தது திருவிழாக் காலத்துக்குச் சற்று முன்னால். மணப்பாட்டுக்கு அடுத்த ஒரு கடற்கரை ஊர்க்காரர், தையல் தொழில். கணவர் கப்பலுக்குப் போயிருந்தார். ஊர்க் கத்தோலிக்கக் கோயிலின் பாடகர் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் அவர்தான். செட் கோயிலில் சும்மா கிடக்கிறதே என்று அக்கா தானே தட்டிப் பழகியிருந்தார். போனில் நான் சொன்னபடி க்ராஷைப் பழைய போர்வையில் சுற்றி, இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்திருந்தார்.

“கொயர் மாஸ்டர் திருவிழாவுக்கு வெளிய இருந்து எலக்ட்ரானிக் டிரம் பேட் வாசிக்க ஆள் பேசிட்டாரு. காணிக்கைப் பாட்டு மட்டும் எனக்குன்னு விட்டிருக்காரு. அதுல ஒரு எடத்துல எனக்கு ஒரு சத்தம் வேணும்” என்றார்.

“எப்படிப்பட்ட சத்தம்க்கா?”

“கடல்ல காரல் மீன் கூட்டம் மேலாக்க வந்து துள்ளுமே, பாத்திருக்கியா?”

“சாத்தான்குளத்துல ஏதுக்கா கடலு?”

“அப்ப சந்தையில செத்த காரலத்தான் பாத்திருப்ப. கேளு. தண்ணி சும்மா கெடக்கும். திடீர்னு ஒரு பாட்டம் ‘சர்ர்’னு துள்ளும். வெள்ளியா மின்னும். உடனே அடங்கிரும். ஆனா அடங்குன பொறவும் ஒரு சின்னச் சத்தம் கெடக்கும் பாரு, அதுதான் எனக்கு வேணும்.”

அவர் சொன்னது எதை என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கைக்கு எட்டும் விலையில் மூன்றை எடுத்துவைத்தேன். ஒரு புதிய பித்தளை, ஒரு கனமான வெண்கலம், கைமாறி வந்த ஒரு மெல்லிய வெண்கலம். அக்கா முதுகைக் காட்டி நின்றார். பித்தளையை அடித்தேன். அவர் கை எழும்பியது. என் கை எழும்பவில்லை. எனக்கு இன்னும் மெல்லிசாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது. மற்ற இரண்டையும் அடித்தேன். இரண்டிலும் அதே கதை. அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“என்னளா இன்னும் புடிச்சிட்டு நிக்க? அது எப்பமோ போயிட்டு.”

“மூணாவது எப்படிக்கா இருந்துச்சு?”

“அதுலதான் காரல் துள்ளுது. கடேசில ஒரு ‘ஸ்ஸ்’ வருதுல்லா, மத்த ரெண்டுலயும் அது இல்ல. ஒனக்குத் தெரியலயா?”

எனக்குத் தெரியவில்லை. மூன்றும் எனக்கு ஒன்றுபோலத்தான் முடிந்தன, அல்லது ஒன்றுபோல முடியாமல் இருந்தன. சிம்பலை விரல்களால் பிடித்து நிறுத்தினேன். அந்த மெல்லிய ஒலி நிற்கவில்லை. அப்போதுதான் அது சிம்பலில் இல்லை, என் காதுக்குள் இருக்கிறது என்று புரிந்தது.

பெனிட்டா அக்கா சொன்ன மெல்லிய வெண்கலத்தையே கட்டிக் கொடுத்தேன். ஓரத்தில் நகத்தை ஓட்டினேன், ஓட்டையைப் பார்த்தேன், எடை போட்டேன். காது தவிர மற்றதெல்லாம் அதுதான் சரி என்றன. வழக்கம்போல அதன் ஒரு அடியைப் போனில் பிடித்துவைத்தேன். ஒலியைச் சின்னச் சின்னக் கம்பங்களாகக் காட்டும் ஒரு செயலி இருக்கிறது. இடது பக்கக் கம்பங்கள் கனத்த ஒலிகள், வலது பக்கத்தவை கூர்மையானவை. விற்கும் ஒவ்வொரு சிம்பலின் படத்தையும் வாங்கியவர் பெயரோடு வைத்துக்கொள்வது என் பழக்கம். அக்காவின் சிம்பலுக்கு வலது பக்கம் காடுபோல வளர்ந்து நின்றது.

அவர் போனதும் அண்ணாச்சியிடம் சொன்னேன். “சிம்பல் எப்ப முடியுதுன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது.”

“தூக்கமில்லாம வந்திருப்ப. டீயக் குடி.”

“இல்ல அண்ணாச்சி.”

என் முகத்தைப் பார்த்தார். ஒரு ஸ்பிளாஷை எடுத்துக்கொண்டு எனக்குப் பின்னால் போனார். “திரும்பாத. முடிஞ்சதும் கையத் தூக்கு.”

அடித்தார். காத்திருந்தேன். உள்ளே ரீங்காரம் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். முன்பக்கம் யாரோ வந்து அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. திரும்பினேன். அவர் அந்தச் சிம்பலைச் சட்டையோடு சேர்த்து இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அடித்த மறுநொடியே பிடித்திருக்கிறார். சிம்பலை மேசைமேல் சத்தம் வராமல் வைத்தார்.

காது மருத்துவர் தந்த வரைபடத்தைப் படிக்க எனக்கு உதவி தேவைப்படவில்லை. கோடு இடமிருந்து நேராக வந்து, பேச்சு ஒலிகளையெல்லாம் தாண்டி, பிறகு குன்று கடலுக்குள் இறங்குகிற மாதிரி சரிந்தது. இரண்டு காதும் அப்படியே. போனது திரும்பாது என்றார் அவர். இருப்பதைக் காப்பாற்றலாம், ஆனால் இந்த வேலையில் இருந்துகொண்டு காப்பாற்ற முடியாது. அடுத்துப் போவது மனிதக் குரலாக இருக்கும். ‘காதுல பஞ்சு வைளா’ என்று அண்ணாச்சி சொல்லாத நாளில்லை. பஞ்சு வைத்தால் முதலில் மறைவது அந்த மேல் ஒலிதான். அதைக் கேட்பதற்குத்தானே அங்கே நின்றேன்.

வேலையை விடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்காமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தபோது பெனிட்டா அக்கா போன் பண்ணினார்.

“காரல் செத்துப் போச்சுளா.”

“எது செத்துச்சுக்கா?”

“ஒன் சிம்பலு. நேத்து வரைக்கும் நல்லாத்தான் கெடந்துச்சு. இன்னைக்கு அடிச்சா சோத்துத் தட்டத் தட்டுன மாதிரி இருக்கு. நாள மறுநாள் திருவிழா. கொயர் மாஸ்டர், அந்தப் பாட்டையும் பேட்டுக்கே குடுத்திரலாமான்னு கேக்காரு.”

நான் கிளம்புவதைப் பார்த்து அண்ணாச்சி, “நீ போயி என்னத்தக் கேக்கப் போற?” என்றார். குத்திக் காட்டுவதற்காக அல்ல, உண்மையாகவே கேட்டார்.

“கேக்கப் போகல. பாக்கப் போறேன்” என்றேன்.

பஸ்ஸில் போகும்போதே வரிசை போட்டுக்கொண்டேன். ஒன்று, மேல் திருகு இறுகியிருக்கலாம்; சிம்பல் ஆட இடமில்லாவிட்டால் ஒலி செத்துவிடும். இரண்டு, கீழே வைக்கும் கம்பளி வில்லை இல்லாமல் இரும்பில் நேராக உட்கார்ந்திருக்கலாம். மூன்று, வெடிப்பு. மூன்றாவது வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன்.

திருகு தளர்வாகவே இருந்தது. வில்லை இருந்தது. ஓரத்தில் நகம் எங்கும் மாட்டவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோனபோதுதான் கண்ணில் பட்டது. நான் கொடுத்தபோது மங்கலாக, புகையேறிய நிறத்தில் இருந்த சிம்பல், இப்போது முகம் பார்க்கலாம்போல மின்னியது.

“இத யாருக்கா தேச்சது?”

பெனிட்டா அக்கா கோயில் முற்றத்தைக் காட்டினார். அங்கே ஏழெட்டுப் பெண்கள் மெழுகுதிரித் தண்டுகளையும் தூபக் கிண்ணங்களையும் பரப்பிவைத்துத் துலக்கிக்கொண்டிருந்தார்கள். திருவிழாவுக்கு முன்னால் கோயிலின் பித்தளைச் சாமான்கள் எல்லாவற்றையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது அந்த ஊர் வழக்கம். தேய்த்துக் கழுவியதும், எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி, துணியில் தொட்டு மேலே பூசிவிடுவார்கள். அந்த வேலைக்கெல்லாம் தலைவி சவேரியம்மா.

“ஆமா, நாந்தான் தேச்சேன்” என்றார் சவேரியம்மா. “கோயில் சாமான் எல்லாம் ஒண்ணுபோல மின்னாண்டாமா? அது மட்டும் கரிச்சட்டி மாதிரி கெடந்துச்சு.”

“மெழுகும் பூசினியளாம்மா?”

“பூசாம? இது உப்புக்காத்து. மெழுகு போடலன்னா திருவிழா முடியதுக்குள்ள பச்சை புடிச்சிரும். பெரிய சிம்பலயும் தேய்க்கலாம்னு பாத்தேன், அதுக்குள்ள புளி தீந்துபோச்சு.”

புளி தீர்ந்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டேன். சிம்பலின் மேல் கிராமபோன் தட்டில் இருப்பதுபோல வட்ட வட்டமாகக் கோடுகள் இருக்கும். அந்தப் பள்ளங்களில் மெழுகு இறங்கி உறைந்திருந்தது. நகத்தால் சுரண்டினேன், வெள்ளையாகத் திரண்டு வந்தது. குத்துவிளக்கைக் காப்பாற்றும் மெழுகு மெல்லிய ஸ்பிளாஷின் வாயைப் பொத்திவிடும். கனமான சிம்பலாக இருந்திருந்தால் வித்தியாசம் இவ்வளவு தெரிந்திருக்காது.

பங்குச் சாமியார் வீட்டுக் குசினியிலிருந்து வெந்நீர் வந்தது. பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பழைய வேட்டித் துணியை நனைத்து, கோடுகளின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்தேன். குறுக்கே தேய்க்கக் கூடாது, நார் போடக் கூடாது. சூடு தாங்கும் அளவுக்கு மட்டும் நீர். கொதிக்கிற நீரை ஊற்றக் கூடாது. மெழுகு இளகித் துணியில் ஏறியது. ஒரு சுற்று முடிந்ததும் துடைத்து, ஸ்டாண்டில் மாட்டி, பெனிட்டா அக்காவிடம் குச்சியைக் கொடுத்தேன். கடையில் பிடித்த படத்தைப் போனில் திறந்து, பக்கத்தில் புதிய ஒலியின் கம்பங்களையும் ஓடவிட்டேன்.

சவேரியம்மா எட்டிப் பார்த்தார். “என்னளா இது, சிம்பலுக்கு ஈசிஜியா?”

“அப்படித்தான் வச்சுக்கோங்க.”

“உசுரு இருக்கா?”

“இடது பக்கம் இருக்கு. வலது பக்கம் இன்னும் வரல.”

அக்கா அடித்தார். கையைத் தூக்கினார். உதட்டைப் பிதுக்கினார். மறுபடி துடைத்தேன். அடிப்பக்கத்திலும் மெழுகு இருந்தது. நடுக்குமிழைச் சுற்றித் தடிப்பாக இருந்தது. துடைக்கத் துடைக்க, வலது ஓரத்தில் ஒவ்வொரு கம்பமாக முளைத்தது. எனக்கு ஒவ்வொரு அடியும் முந்திய அடியைப் போலவே கேட்டது. கம்பங்கள் வளர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓர் அடியில் அக்காவின் குச்சி அப்படியே நின்றது. முற்றத்தில் தேய்த்துக்கொண்டிருந்த பெண்களில் இரண்டு பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். அக்கா மெதுவாகக் கையைத் தூக்கினார்.

“வந்துட்டு.”

போனைப் பார்த்தேன். பழைய காடு அளவுக்கு இல்லை, ஆனால் காடுதான்.

“இதுக்காளா இம்புட்டுப் பாடு?” என்றார் சவேரியம்மா. “காதுகிட்ட கொசு போற மாதிரில்லா இருக்கு.”

அவருக்கு என் அம்மாவைவிட வயது அதிகம். அவருக்குக் கேட்டது. மற்றப் பெண்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். துணியைப் பிழிய வாளிப் பக்கம் குனிந்துகொண்டேன், கொஞ்ச நேரம் பிழிந்துகொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது பெனிட்டா அக்கா பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். என் காதைப் பற்றி அவரிடம் சொன்னேன். அன்று கடையில் தான் சிரித்ததை நினைத்திருப்பார் போல. பஸ் வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

கடைக்குத் திரும்பி அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு முகமெல்லாம் பிரகாசம். “அப்ப என்னளா? காதுக்குப் பதிலா போனு இருக்கு, தராசு இருக்கு, நகம் இருக்கு. பேசாம இங்கனயே இரு. கையத் தூக்குறதுக்கு வேற ஆள வச்சுக்கிடுவோம்.”

அது பொய்யான ஆறுதல் அல்ல. எடை, உலோகம், ஓரம், கம்பங்கள் இவற்றை வைத்துக்கொண்டு நான் தவறில்லாமல் விற்றிருக்க முடியும். எத்தனையோ கடைகளில் இதில் பாதிகூடப் பார்க்காமல்தான் விற்கிறார்கள். அன்றிரவு முழுவதும் யோசித்தேன், வழக்கம்போல வரிசை போட்டு. இருப்பதற்கான காரணங்கள் நீளமாக இருந்தன. போவதற்கான காரணங்கள் இரண்டுதான். ஒன்று மருத்துவர் சொன்னது. இன்னொன்று, அந்த அமைதி. ஒவ்வொரு நாளும் கடை முழுக்க அடங்கி எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில், நான் மட்டும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். முதல் காரணத்தைத்தான் அண்ணாச்சியிடம் சொன்னேன்.

“சரிம்மா” என்றார். அத்தனை வருடங்களில் அவர் என்னை ‘அம்மா’ போட்டுப் பேசியது அந்த ஒரு முறைதான்.

திருவிழாத் திருப்பலிக்குப் போனேன். பாடகர் குழு நன்றாகத் தெரியும்படி ஒரு தூணோரமாக இடம் பிடித்துக்கொண்டேன். காணிக்கைப் பாட்டு வந்தது. பேட் வாசிக்க வந்திருந்தவர் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, பெனிட்டா அக்கா புதுச் சேலையில், நெற்றி வியர்க்க, மெதுவாகத் தாளத்தைக் கொண்டுபோனார். பாட்டு இறங்கி நிற்கிற இடத்தில் அவர் கை பக்கவாட்டில் போனது. குச்சி பட்டதும் அந்தச் சின்னத் தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, ஆடியது. முன்வரிசையில் ஒரு பெண் மடியிலிருந்த குழந்தையைத் தட்டிக் கொடுப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கொயர் மாஸ்டர் அடுத்த வரிக்குக் கையை உடனே இறக்கவில்லை. அது ஓயும்வரை விட்டுப் பிடித்தார்.

திருப்பலி முடிந்து கூட்டம் கலையும்போது அக்கா என்னைத் தேடி வந்தார்.

“கேட்டியாளா?”

“பாத்தேன்க்கா. எல்லாரும் திரும்பிப் பாத்தாவ.”

“பாத்தது கெடக்கட்டும். கேட்டுச்சா?”

“அடி கேட்டுது. பொறவு உள்ளது கேக்கல.”

அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார். கோயிலுக்குள் இன்னும் ஆட்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் என் காதுக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தார்.

“அப்ப எப்படி இருந்துச்சுன்னு நான் சொல்லட்டா?”

“சொல்லுங்க.”

“சொன்னாப் போதுமாளா?”

“போதாதுக்கா. ஆனாலும் சொல்லுங்க.”